தூத்துக்குடி முத்துமாலை விஷயமாக மச்சானுக்கு

என் அன்புக்கும், அதைவிட அதிகமாகப் பயத்துக்கும் உரிய மச்சானுக்கு,

திருச்சுழி கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தியம் செய்துதான் தொடங்குகிறேன். இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒரு ஆள்கூட நம்பமாட்டான். நம்பினால் என் மீசையை எடுத்துக்கொள்ளலாம். நீங்களும் நம்ப வேண்டாம். உயிரோடு இருந்தபோதே நான் சொன்ன எதையும் நீங்கள் நம்பியதில்லை. இப்போது போய் அந்த நல்ல பழக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் போன பிறகு நம் ஊரில் நாலு மழை பெய்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இதை மூன்று வருஷம் என்பார்கள். போன சித்திரை வெயிலில் கண்மாய்க்கரைப் பனைமரம் நாலு எட்டு நடந்துபோய் வேப்பமர நிழலில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். குமாரலிங்கபுரத்துப் பக்கம் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிறதாம். பூங்கா என்றதும் உங்கள் சித்தப்பா மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் எடுப்பார்களா என்று விசாரித்துவிட்டு வந்தார். உங்கள் லாரியைப் பந்தல்குடிக்காரர் ஒருவர் வாங்கி ஓட்டுகிறார். ஹாரனை மட்டும் அவர் மாற்றவில்லை. எப்போதாவது நம் ரோட்டுப் பக்கம் அது லோடு ஏற்றிக்கொண்டு வரும்போது, அக்கா குழம்பை அப்படியே விட்டுவிட்டு வாசல்வரை வந்து, பிறகு எதற்கு வந்தோம் என்று தெரியாதவள் மாதிரி கோழியை விரட்டிவிட்டுப் போகிறாள்.

இதெல்லாம் சில்லறைச் செய்தி. பெரிய செய்தி உங்கள் மகள் வளர்மதிக்கு நிச்சயம் முடிந்துவிட்டது என்பதுதான்.

அவள் இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இந்தச் சீமையில் என்னைப் பற்றிய உண்மை எழுத்துபூர்வமாகத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். எனக்குச் சர்க்கரையே கிடையாது என்று நான் ஊரெல்லாம் மார்தட்டிக்கொண்டிருக்க, "மாமா, உங்க ரத்தத்துல பாயாசம் வைக்கலாம்" என்று ஒரு சீட்டை நீட்டினாள். மாப்பிள்ளை அவளோடு வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பையன். அவளே பார்த்த மாப்பிள்ளை. அக்கா ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பையனுக்கு முறுக்குச் சுட்டு அனுப்பினாள். சம்மதம் என்பதை அக்கா வாயால் சொன்னதாகச் சரித்திரமே இல்லையே.

வில்லங்கம் மாப்பிள்ளையின் அம்மா ரூபத்தில் வந்தது. நல்ல மனுஷிதான். ஆனால் பரம்பரையாகச் சங்கும் சிப்பியும் விற்கிற குடும்பம். கடலில் இருந்து வந்தது எது, கண்ணாடிச் சூளையில் இருந்து வந்தது எது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவார்களாம்.

அக்கா என்ன செய்தாள் தெரியுமா? பீரோவைத் திறந்தாள். பவுடர் டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி வைத்திருந்த அந்த முத்துமாலையை எடுத்தாள். நீங்கள் போன அன்றைக்குக் கழற்றி வைத்தது. "நிச்சயத்தன்னைக்கு எம் மக கழுத்துல இது கெடக்கணும். அவுக வந்து நின்ன மாதிரி இருக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

வளர்மதி என்னைக் கோழிக்கூட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. அது ஒரிஜினல்தானா?"

"ஏ தாயி, என்ன கேள்வி கேட்டுப்புட்ட. உங்கப்பன் நடுக்கடல்ல..."

"கடல் கதை வேணாம். நூத்தம்பது தடவ கேட்டாச்சு. அவுக அம்மா கையில வாங்குனதுமே கண்டுபிடிச்சிருவாக. டூப்ளிகேட்டா இருந்தா சபையில அம்மா மொகம் என்னத்துக்கு ஆகும்? அப்பா நம்மள ஏமாத்திட்டாருன்னு அம்மா நெனச்சிட்டா?"

அவள் கடைசியாகக் கேட்டதில் எனக்கு வாய் அடைத்துவிட்டது மச்சான். என் வாய் அடைத்தது அதுதான் முதல் தடவை என்பதால், உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று அவளே பயந்துவிட்டாள்.

கடல் கதை உங்களுக்குத் தெரியும். நீங்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஏழு பனைமர ஆழத்துக்கு முங்கினீர்கள். ஒரு சிப்பி உங்கள் கட்டைவிரலைக் கவ்வியது. ஒரு சுறா வந்து பீடி கேட்டது. கரையில் முத்து விற்கிற கொள்ளைக்காரன் ஒருவன் கத்தியோடு துரத்தினான். இதை நான் கல்யாண வீடு, காதுகுத்து, எழவு வீடு என்று ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒன்று. வாங்கிய விதத்தில் எவ்வளவு அளந்தாலும், முத்து நிஜ முத்து என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் எல்லாப் பொய்களுக்கும் அஸ்திவாரமாக நான் போட்டு வைத்திருந்த ஒரே உண்மை அது.

"நூல் இத்துப்போச்சுக்கா, கோத்துக்கிட்டு வாரோம்" என்று சொல்லி மாலையை வாங்கிக்கொண்டு நானும் வளர்மதியும் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம்.

பஸ்ஸிலேயே அவள் சோதனையைத் தொடங்கிவிட்டாள். நிஜ முத்தைப் பல்லில் உரசினால் பொடிமணல் மாதிரி நறநறவென்று இருக்குமாம். பொய் முத்து வழுக்குமாம். "கொண்டா இப்படி" என்று வாங்கி, மகாராஜா மாம்பழம் சுவைக்கிற தோரணையில் உரசினேன். வெண்ணெய் மாதிரி வழுக்கியது.

"மாமா, அது உங்க சொந்தப் பல்லா?"

என் மேல்வரிசை முழுக்க டவுனு டாக்டர் கட்டிக் கொடுத்தது என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பொய்ப்பல் சொல்கிற சாட்சியை எந்த நியாயஸ்தலம் ஏற்கும்? அவள் வாங்கித் தன் பல்லில் உரசினாள். அவளுக்கும் வழுக்கியது. "உன் பல்லு ரொம்ப வழுவழுன்னு இருக்கு தாயி, தப்பு அதுமேலதான்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

அருப்புக்கோட்டையில் சுப்பையா ஆசாரி பட்டறைக்குப் போனோம். என் வயதுக்காரர். சொந்தப் பல்லும் கெட்ட வாயும் உடையவர். மாலையைக் கையில் வாங்கி ஒரு தூக்குத் தூக்கினார். கண்ணில் லென்ஸை மாட்டினார்.

"யோவ், துளை ஓரத்தப் பாரு. சாயம் வெங்காயத் தொலி மாதிரி உரிஞ்சு நிக்குது. உள்ள கண்ணாடி பல்ல இளிக்கிது."

"நல்லாப் பாரும். எங்க மச்சான் ஒவ்வொன்னாப் பொறுக்கி வாங்குனது. எல்லாம் ஒரே அளவு, ஒரே உருட்டு."

"அதான்யா பொய்யிங்கிறேன். கடலுக்குள்ள யாரும் அச்சு வச்சு அடிக்கிறாகளா, ஒரே அளவா வாரதுக்கு? ஒரு வீட்ல பொறந்த புள்ளைகளே ஒன்னுபோல இருக்கதில்ல."

வளர்மதி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். ஆசாரி மாலையைத் திருப்பிக் கொடுக்கப் போனவர், கொக்கிப் பக்கம் வந்ததும் நின்றார்.

"பொறு. கடைசியில இருக்கே ஒன்னு, ஒரு பக்கம் சப்பிப்போன சோளம் மாதிரி. இது வேற சாதியா இருக்கே."

அதைத் தன் முன்பல்லில் வைத்து லேசாக உரசினார். நறநறவென்ற சத்தம் எனக்குக் கேட்டது. புதுப் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"இது மட்டும் கடல்ல பொறந்தது. மத்தது பூராவும் கண்ணாடிப் பாசி. இவ்வளவு பாசியோட இந்த ஒன்னு எப்படிய்யா வந்து சேந்துச்சு?"

எப்படி வந்து சேர்ந்தது என்று நம் வீட்டில் நேரில் பார்த்தவர்கள் ரெண்டே பேர்தான். ஒருவர் நீங்கள். ஆசாரி பட்டறை முக்காலியில் உட்கார்ந்தபடி, வளர்மதியிடம் சுறா இல்லாத கதையை முதல்முறையாகச் சொன்னேன். உங்களுக்கும் ஒருமுறை சொல்கிறேன். தப்பிருந்தால் கனவில் வந்து திருத்துங்கள்.

கொத்தமல்லி லோடு தூத்துக்குடியில் இறக்கிவிட்டு டீக்கடையில் நின்றோம். காதில் பென்சில் சொருகிய ஒரு மனுஷன் துணி மூட்டையை விரித்து ரெண்டு மாலையை எடுத்தார். ஒன்று குண்டு குண்டாக, ஒன்றுபோல, பளபளவென்று இருந்தது. இன்னொன்று பெரிசும் சிறிசும், மஞ்சளும் வெள்ளையும், கோணலும் மாணலும். "இது பாசி அண்ணாச்சி. பாக்க நல்லாருக்கும். இதுதான் முத்து. வெலை கூட வரும்" என்று கோணல் மாலையைக் காட்டினார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்தேன்.

"மாப்ளே, பொறுக்காத மொளகா வத்தல் மாதிரி கெடக்கு. இதுக்கு வெலை கூடவாம்."

"கழிவ நம்ம தலையில கட்டப் பாக்கான் மச்சான். நல்ல சரக்கப் பாசின்னு சொன்னா நாம அதைத் தொடமாட்டோம்னு நெனப்பு. நீங்க குண்டையே புடிங்க."

நம் பக்கத்துச் சந்தையில் வத்தலோ மல்லியோ ஒன்றுபோல இருந்தால்தானே சரக்கு? ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாக இருந்தால் கலப்படம் என்று மூட்டையையே திருப்பி அனுப்புவோமே. அந்தக் கண்ணோடுதான் முத்தையும் பார்த்தோம். நீங்கள் அதோடு விடவில்லை. குண்டு மணி ஒன்றை, நெல் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் கடைவாயில் வைத்துக் கடித்தீர்கள். காதோரம் ஆட்டிக் கேட்டீர்கள். "நசுங்கல மாப்ளே. நல்லாக் காய்ஞ்ச சரக்கு" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். நானும் பயபக்தியோடு ஒன்றைக் கடித்து, ஆமாம் என்றேன்.

அந்த மனுஷன் மூன்று தடவை சொன்னார், அது பாசி என்று. மூன்று தடவையும் நாம் ஒருவருக்கொருவர் கண்ணடித்துக்கொண்டோம்.

வாங்கி முடித்ததும் நீங்கள் கொசுறு கேட்டீர்கள். கத்தரிக்காய்க்குக் கேட்கிற மாதிரியே கேட்டீர்கள். "வீட்ல பொம்பளப்புள்ள பொறந்து எட்டு நாளாச்சு அண்ணாச்சி. அதுக்குன்னு ஒன்னு குடுங்க." அவர் கட்டிய மூட்டையை மறுபடி விரித்தார். பிறகு கோணல் மாலையின் முடிச்சை அவிழ்த்து ஒன்றை உருவினார். "புள்ளைக்குன்னு கேக்கிய. வச்சுக்கிடுங்க." கழிவில் ஒன்றைத் தள்ளிவிட்டான் என்று வழியெல்லாம் சிரித்தோம். கோணல் வெளியே தெரியக்கூடாது என்று அக்கா அதைக் கொக்கிப் பக்கம் கோத்து, பின்கழுத்தில் மறைத்தாள்.

வாழ்நாளில் நான் சந்தித்த ஆகப்பெரிய யோக்கியன் அவர். அவரைத்தான் நான் இத்தனை வருஷமும் கத்தியோடு துரத்தவிட்டிருந்தேன்.

வளர்மதி அந்தக் கோணல் முத்தை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தாள். "அப்ப இது எனக்குன்னு கேட்டு வாங்குனதா மாமா?" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரிசல்ட் சொல்கிற குரலுக்கு மாறினாள். "அம்மாட்ட சொல்லணும். சபையில தெரியிறதுக்கு முன்னால வீட்ல தெரிஞ்சிரட்டும். நீங்கதான் சொல்லணும். அப்பாவோட கூட நின்னது நீங்கதான்."

உண்மை பேசச் சொல்லி ஒரு பெண்பிள்ளை என்னை மிரட்டும் காலம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

நாங்கள் போனபோது அக்கா முறத்தில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அக்கா, அது கண்ணாடிப் பாசிக்கா. மச்சான் ஏமாத்தல. எங்களுக்குத் தெரியல. தெரியாம வாங்கிட்டோம்."

"சரி."

"நெசமாத்தான் சொல்றேன்."

"ஏலே, போன வாரம் நரிக்குடில ஒரு கெடா டிக்கெட் எடுத்துப் பஸ்ஸு ஏறுச்சுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"வெயிலுக்குப் பனைமரம் நடந்துச்சுன்னு சொன்னது?"

"அதுவும் நான்தான். ஆனா இது சத்தியம்."

"அதையும் சத்தியம் பண்ணித்தான் சொன்ன."

"சுப்பையா ஆசாரியே பாத்துச் சொன்னாருக்கா."

"நீ டீ வாங்கிக் குடுத்திருப்ப."

வளர்மதி குறுக்கே வந்தாள். "இல்லம்மா, மாமா சொல்றது உண்மைதான்."

"மாமனும் மருமகளும் சேந்து கெளம்பிட்டீகளா? செத்த மனுசன் உன் வாய்ல இருந்து தப்பிக்க முடியலையேலே" என்று சொல்லி அக்கா முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். மல்லித் தூசி கண்ணில் விழுந்து, என் வாழ்க்கையின் முதல் உண்மை அதோடு முடிவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தூத்துக்குடியில் இருந்து வேன் வந்தது. எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பூ வைத்து, வெற்றிலை பாக்கு மாற்றியதும், நான் பயந்தபடியே அக்கா பவுடர் டப்பாவைத் திறந்தாள். "இது இவ அப்பா வாங்குனது. நீங்களே போட்டு விடுங்க மதினி" என்று மாலையை மாப்பிள்ளையின் அம்மா கையில் கொடுத்தாள். வளர்மதி என்னைப் பார்த்தாள்.

உங்கள் மானத்தைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். சபை நடுவில் எழுந்து கடல் கதையைத் தொடங்கினேன். சுறா பீடி கேட்கும் இடத்தில் எப்போதும் கூரை இடியச் சிரிப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோர் கண்ணும் அந்த அம்மாளின் கட்டைவிரலில் இருந்தது. விரல் ஒவ்வொரு மணியாகத் தடவிக்கொண்டே போனது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொக்கிக்குப் பக்கத்தில் வந்ததும் விரல் நின்றது. மாலையை வெளிச்சத்துக்குத் தூக்கினார்கள்.

"மதினி, இதை ஏன் பெறத்தால மறைச்சு வச்சிருக்கிய?"

"அது கோணலா இருந்துச்சு. அதான்."

"கோணலா இருக்கதுதானே அழகு. அருமையான முத்துல்லா இது. இப்படி ஒன்னு எங்க அப்பா கடையில சின்னப்புள்ளையில பாத்தது. எப்படிக் கெடச்சிது?"

"இவ பொறந்த எட்டாம் நாளு இவளுக்குன்னு அவுக கேட்டு வாங்குனது."

"அப்போ இது முன்னாலதான் இருக்கணும்."

அந்த அம்மாள் மாலையைத் திருப்பி, கொக்கி முன்பக்கம் வருகிற மாதிரி வளர்மதி கழுத்தில் போட்டுவிட்டார்கள். அந்தக் கோணல் முத்து உங்கள் மகள் தொண்டைக்குழியில் உட்கார்ந்துகொண்டது. மற்ற மணிகளைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. பொய்யும் சொல்லவில்லை. நான் இவ்வளவு காலம் பேசிப் பேசிச் செய்ததை அவர்கள் பேசாமலே செய்துவிட்டார்கள். அந்தக் கணமே அவர்களை என் குருவாக ஏற்றுக்கொண்டேன். அவர்களுக்கு இன்னும் தகவல் தெரியாது.

அக்கா கூட்டத்துக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாத்தியாலே, என்கிற பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். தோற்றவன் அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டதை அன்றைய பந்தியில்தான் ஊர் பார்த்தது. பதினேழு ஜிலேபி. வளர்மதி எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை மச்சான். சாயங்காலம் வேன் போன பிறகு அக்கா மாலையை என்னிடம் கொடுத்து, "கொக்கிப் பக்கத்து முத்த மட்டும் எடுத்து ஒரு சங்கிலியில கோத்து எம் மகளுக்குக் குடுத்துரு. மத்தத எங்கிட்டயே கொண்டா" என்றாள்.

"ஏன்க்கா, எல்லாத்தையும் அவளுக்கே குடுத்தா என்ன?"

"அது அவுக அவளுக்கு வாங்குனது. இது எனக்கு வாங்குனது."

சொல்லிவிட்டு, சாயம் உரிந்த மணி ஒன்றைப் புடவைத் தலைப்பால் மெதுவாகத் துடைத்தாள். அவளுக்குத் தெரியுமா? என்றைக்கிருந்து தெரியும்? நான் கேட்கவில்லை. உங்களிடமாவது எப்போதாவது சொல்லியிருக்கிறாளா?

இப்போது உங்கள் முன்னால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த மாலையைப் பற்றி இனி யாரிடமும் உண்மை பேசமாட்டேன். ஒருமுறை பேசிப் பட்ட பாடு போதும். தை மாதக் கல்யாணத்தில் சுறாவோடு ஒரு திமிங்கிலத்தையும் சேர்த்துவிடுகிறேன். காதில் பென்சில் சொருகிய மனுஷனிடமிருந்து மட்டும் கத்தியைப் பிடுங்கிவிட்டேன். இனி அவர் என் கதையில் உங்களைச் சுறாவிடமிருந்து காப்பாற்றுகிறவராக வருவார்.

பக்கத்தில் நின்று இதைப் படிக்கிறவர்கள் இதில் எதையும் நம்ப வேண்டாம். பனைமரம் நடக்கவில்லை. ஜிலேபி ஏழுதான். மற்றதையும் அவரவர் இஷ்டம்போல் கழித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம், அதை மட்டும் கழிக்காதீர்கள். மச்சான், தூத்துக்குடியில் இருந்து பந்தல்குடி வரை நீங்கள் இடது கையால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டே லாரி ஓட்டினீர்கள். கியர் போட வேண்டி வந்தபோதெல்லாம் "மாப்ளே, நீ பொத்து" என்றீர்கள். நான் எட்டி உங்கள் பையின்மேல் கையை வைத்துப் பொத்தினேன். கைக்குக் கீழே மாலை இருந்தது. அதற்கும் கீழே உங்கள் நெஞ்சு, மேட்டில் லோடோடு ஏறுகிற லாரி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

இப்படிக்கு,
உங்கள் பொண்டாட்டியின் தம்பி,
உங்கள் மகளின் தாய்மாமன்,
என்றும் உங்கள் மாப்ளே.